சிபி4 பம்ப்: பைபாஸ் கிட் போதுமா, சிபி3-க்கு மாறலாமா?

டீசலை மிக அதிக அழுத்தத்தில் இன்ஜினுக்குத் தள்ளும் சிபி4 பம்ப் பழுதானால் தனியாகப் போவதில்லை. போகும்போது டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் இன்ஜெக்டர், அழுத்தமேறிய டீசலைத் தேக்கும் ரெயில், பைப் எல்லாவற்றையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும். காமன் ரெயில் டீசல் கார் வைத்திருப்பவர்கள் இதற்குப் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது.

பாஷ் தயாரிக்கும் இந்த ஹை பிரஷர் பம்புக்குத் தனி ஆயில் கிடையாது. உள்ளே ஓடும் டீசல்தான் மசகு. சுழலும் தண்டின் மேடான கேம் மேல் ரோலர் உருண்டு பிஸ்டனைத் தள்ளும். டீசலில் வழவழப்பு குறைந்தாலோ காற்று புகுந்தாலோ, ரோலரைத் தாங்கும் டேப்பெட் லேசாகத் திரும்பிக்கொள்ளலாம். அப்புறம் ரோலர் உருளாது, கேமைச் சுரண்டும். அங்கே உதிரும் இரும்புத்தூள் கலந்த அதே டீசல்தான் பிஸ்டனுக்குப் போய், அங்கிருந்து இன்ஜெக்டர் வரை சேருகிறது. எல்லா சிபி4-ம் இப்படி ஆகாது, நெடுநாள் ஓடியவையும் உண்டு. ஆனால் எப்போது போகும் என்பது ஓட்டுபவருக்குப் பெரும்பாலும் முன்கூட்டித் தெரியாது.

பழுதான பம்புக்குப் பதிலாகப் புதிய சிபி4-ஐயே மாட்டுவது சுலபம்தான். குறை அப்படியே இருக்கும் என்பதால் நான் அதை அப்கிரேடாகவே எண்ணுவதில்லை.

பைபாஸ் கிட் பம்பைக் காப்பாற்றாது. இதைப் பலர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். கேம் இருக்கும் அறையில் சுற்றிய டீசலை அது நேராக டேங்குக்குத் திருப்பி அனுப்புகிறது. பிஸ்டனுக்கு ஃபில்டரிலிருந்து வரும் சுத்தமான டீசலைத் தனியாகக் கொடுக்கிறது. பம்ப் நொறுங்கினாலும் தூள் இன்ஜெக்டருக்குப் போகாது. ரிட்டர்ன் லைனில் ஒரு ஃபில்டரும் இருந்தால் டேங்கும் பிழைக்கும். செலவும் வேலையும் குறைவு, இன்ஜினின் அமைப்பில் வேறு எதையும் தொட வேண்டாம்.

சிபி3, பாஷின் பழைய பம்ப், வேறு ரகம். மூன்று பிஸ்டன்கள் 120 டிகிரி இடைவெளியில் நிற்கும். ரோலரே இல்லை, தட்டையான முகம்தான் தள்ளுகிறது. திரும்பிக்கொள்ள எதுவும் இல்லாததால் அந்தக் கோளாறுக்கே இடமில்லை. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டார்ஸின் டியூராமேக்ஸ் எல்எம்எல் டீசல் இன்ஜின் கொண்ட டிரக்குகளில் (2011 முதல் 2016 வரை) சிபி4-ஐக் கழற்றி சிபி3 போடுவது வழக்கமாகிவிட்டது. 2017-ல் வந்த அடுத்த இன்ஜினில் தயாரிப்பாளரே டென்சோ பம்புக்கு மாறிவிட்டார். ஆனால் காரில் இது சின்ன வேலை இல்லை. பிராக்கெட், பைப், சில நேரம் இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியு-வின் மேப்பிங் வரை போகும். புகை விதிகளுக்கு அது பொருந்துமா என்றும் முதலிலேயே பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் தேர்வு இது: பம்ப் நல்ல நிலையில் இருக்கும்போதே கிட் போட்டுவிடுங்கள். ஏற்கெனவே போய்விட்டது, இன்ஜெக்டர் வரை மாற்றித்தான் ஆக வேண்டும், உங்கள் இன்ஜினுக்கு நம்பகமான சிபி3 கிட்டும் கிடைக்கிறது என்றால், அந்தச் செலவோடு செலவாக அதற்கு மாறுவது சரி.

எது போட்டாலும், அதற்கு முன் பம்புக்குள் போகும் டீசலின் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வைக் கழற்றி அதன் சல்லடையைப் பாருங்கள். மினுமினுப்பாகத் தூள் தெரிந்தால் கிட் போடும் கட்டம் தாண்டிவிட்டது என்று அர்த்தம். டீசல் ஃபில்டர் மாற்றியதும் காற்றை வெளியேற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்; மசகு இல்லாத அந்தச் சில நொடிகளே டேப்பெட்டைத் திருப்பப் போதும்.