சேஃப் கிட்: பெட்டியோடு உலர்த்தும் ஸ்டாண்டையும் சேர்த்து வாங்குங்கள்

புகார் சொல்லும் பெண்ணை நம்புவதா, குற்றம் சாட்டப்பட்டவருக்கு முறையான விசாரணை தருவதா என்று இரண்டையும் எதிரெதிரே நிறுத்தித்தான் பெரும்பாலும் வாதம் நடக்கிறது. மருத்துவமனையில் பாலியல் வன்முறைத் தடயம் எடுக்கும் பெட்டியை (சேஃப் கிட்) ஒழுங்காகக் கையாண்டால் இரண்டும் ஒரே மேஜையில் நடந்துவிடும். மத்திய சுகாதார அமைச்சகத்தின் 2014ஆம் ஆண்டு நெறிமுறைப்படி அமைந்த பெட்டிகளுக்கான மதிப்பீடு இது.

உள்ளே இருக்கும் பொருள்களில் குறை சொல்ல அதிகமில்லை. பெரிய வெள்ளைத் தாள், காகித உறைகள், உடலிலிருந்து மாதிரி எடுக்கும் பஞ்சுக்குச்சி (ஸ்வாப்), சீப்பு, நகவெட்டி, ஸ்லைடு, ரத்தம், சிறுநீருக்கான குப்பிகள், லேபிள், அரக்கு எல்லாம் இருக்கும். அவசரத்தில் தவறுவது அந்த வெள்ளைத் தாள்தான். அதன்மேல் நின்று உடை மாற்றச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு துணியும் தனித்தனி உறைக்குள் போக வேண்டும். கடைசியில் தாளையும் உள்பக்கமாக மடித்து அனுப்ப வேண்டும், உதிர்ந்த முடியும் நூலும் அதில்தான் இருக்கும். பலர் அதைக் கசக்கிக் குப்பையில் போட்டுவிடுகிறார்கள்.

ரத்தக் குப்பிகளையும் மாற்றிவிடக் கூடாது. டிஎன்ஏவுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் ஈடிடிஏ கலந்த குப்பி; மது இருக்கிறதா என்று பார்க்க சோடியம் ஃப்ளோரைடு கலந்த குப்பி. பாதிக்கப்பட்டவரின் சொந்த ரத்தம் இல்லாவிட்டால், ஸ்வாபில் கலந்திருக்கும் டிஎன்ஏவில் எது அவருடையது என்று ஆய்வகத்தால் பிரித்துச் சொல்வது கடினம்.

எங்கள் பெரிய புகார் உலர்த்துவது பற்றியது. ஈர ஸ்வாபை அப்படியே மூடி ஒட்டினால் பாக்டீரியாவும் பூஞ்சையும் டிஎன்ஏவைத் தின்றுவிடும். ரத்தக்கறை படிந்த துணியை பிளாஸ்டிக் பையில் போட்டாலும் இதே கதிதான். நிழலில், வெயிலும் சூடும் படாமல், காற்றில் காய வேண்டும். ஸ்டாண்டைத் தனியாக வாங்காத இடங்களில் ஸ்வாபை நிறுத்திவைக்கவே வழியில்லை. சம்பவம் நடந்து 96 மணி நேரம் வரை மாதிரி எடுக்கலாம் என்றாலும், 72 மணி நேரத்துக்குப் பிறகு கிடைப்பது வெகுவாகக் குறைந்துவிடும். அரிதாகக் கிடைத்த மாதிரியை ஈரத்துக்குப் பலி கொடுப்பது அந்தப் பெண்ணுக்குச் செய்யும் துரோகம். தவறாகப் பெயர் சேர்க்கப்பட்ட ஒருவர் தன்னை விடுவித்துக்கொள்ளும் வழியும் அத்தோடு அடைபடுகிறது.

அடுத்தது சீல். எடுத்தவர் கையெழுத்து, தேதி, நேரம், அரக்கு முத்திரையின் மாதிரி, வாங்கிக்கொண்ட காவலரின் கையெழுத்து எல்லாம் வேண்டும். இதில் ஒன்று விடுபட்டாலும், "இடையில் பெட்டி யாரிடம் இருந்தது?" என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்பார். நியாயமான கேள்வி, அதற்குப் பதில் பதிவேட்டில் இருந்தாக வேண்டும்.

பெட்டியோடு வரும் பரிசோதனைப் படிவத்தைப் படித்துப் பார்க்காமல் ஆர்டர் கொடுக்காதீர்கள். பரிசோதனை, தடயம் எடுத்தல், சிகிச்சை மூன்றுக்கும் தனித்தனிச் சம்மதம் கேட்க இடம் இருக்க வேண்டும். தடயம் வேண்டாம் என்று ஒரு பெண் சொன்னாலும் சிகிச்சையை மறுக்க முடியாது. பெண்ணுறுப்பில் இரு விரலை விட்டு அவர் உடலுறவுக்குப் பழகியவரா என்று பார்க்கும் இருவிரல் சோதனைக்கு இன்னும் கட்டம் போட்டிருந்தால் அந்தப் பெட்டியைத் திருப்பி அனுப்புங்கள். 2013இல் உச்ச நீதிமன்றம் அதைக் கண்டித்தது. அதைச் செய்வது ஒழுங்கீனம் என்றே 2022இல் தீர்ப்பளித்தது.

பெட்டியால் முடியாததும் உண்டு. டிஎன்ஏ பொருந்தினால் தொடர்பு நடந்தது தெரியும், சம்மதம் இருந்ததா என்பது தெரியாது. 18 வயதுக்குக் கீழ் என்றால் சட்டத்தில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. காயமோ விந்தணுவோ இல்லை என்பதால் புகார் பொய்யாகிவிடாது. குளித்திருக்கலாம், ஆணுறை இருந்திருக்கலாம், பயத்தில் உடல் உறைந்திருக்கலாம். நம்பகமான ஒரே சாட்சியத்தின் மேல் தண்டனை தர நீதிமன்றத்துக்குச் சட்டத்தில் தடையில்லை.

ஆகவே மருத்துவரின் கருத்துப் பத்தியில் "வன்புணர்வு நடக்கவில்லை" என்று எழுதுவது தவறு, "நடந்தது" என்று எழுதுவதும் தவறு. கண்டது, காணாதது, ஒவ்வொன்றுக்கும் காரணம், தொடங்கிய நேரம், முடித்த நேரம் இவற்றை எழுதி, குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் (பிஎன்எஸ்எஸ்) 184ஆம் பிரிவின்படி 7 நாளுக்குள் விசாரணை அதிகாரிக்கு அனுப்ப வேண்டும். இப்போதைய படிவங்களில் இந்தப் பத்திக்கு இரண்டு மூன்று வரிதான் விட்டிருக்கிறார்கள். அச்சடிக்கக் கொடுக்கும்போது அரைப் பக்கமாவது கேளுங்கள்.