வீட்டுக் கடன் மறுசீரமைப்புச் சேவை: மட்டக்களப்பு நகரக் கிளை ஒன்று

வீட்டுக் கடன் தவணை பிந்தியவர்களுக்கென்று மட்டக்களப்பு நகரில் ஒரு வங்கிக் கிளை நடத்தும் சேவையைப் பற்றி எழுதுகிறேன். வங்கியின் பெயரைச் சொல்லவில்லை. ஐந்துக்கு இரண்டு புள்ளி கொடுப்பேன். அந்த இரண்டும் அங்கே இருக்கும் ஓர் இளம் உத்தியோகத்தருக்கு.

கடன் என் தங்கச்சியுடையது. ஆரையம்பதியில் சீதனமாகக் கிடைத்த வளவில் வீடு கட்ட 2021 இல் நாற்பது இலட்சம் எடுத்தார்கள். 9 வீதம், 15 வருடம், தவணை நாற்பதாயிரத்துச் சொச்சம். முதல் வருடத்துக்குப் பிறகு வீதம் சந்தையோடு மாறும் என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி, அதுவும் ஆங்கிலத்தில். கையெழுத்து வாங்கிய அன்று அதை யாரும் வாசித்து விளங்கப்படுத்தவில்லை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரேயடியாக 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. வங்கிகள் தங்கள் சிறந்த வாடிக்கையாளர்களிடம் வாங்கும் முதன்மைக் கடன் வீதம், 2021 நடுப்பகுதியில் 6க்கும் கீழே இருந்தது, 2022 முடியும்போது 27ஐத் தாண்டியிருந்தது. தங்கச்சியின் கடன் 24 வீதத்துக்கு ஏறியபோது வட்டி மட்டுமே மாதம் எண்பதாயிரத்துக்குக் கிட்ட வந்தது. அவளுடைய கணவர் அலுமினிய யன்னல் பொருத்துகிறவர். எரிபொருள் இல்லை, சாமான் இல்லை, சீமெந்து மூட்டை மூவாயிரத்தைத் தொட்டதால் வீடு கட்டுவோரும் இல்லை. எங்கிருந்து கட்டுவது?

இனி சேவை. கடன் அறவிடும் மேசையை நகை அடகு வரிசைக்குப் பக்கத்தில் திறந்த மண்டபத்தில் போட்டிருக்கிறார்கள். அங்கே பேசுவது வரிசையில் நிற்கும் எல்லோருக்கும் கேட்கும். எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் கோப்பைத் திறக்க முன்னரே சத்தமாகக் கேட்டார்: "கட்ட ஏலாதெண்டா ஏன் இவ்வளவு பெரிய வீடு கட்டின நீங்க?" தங்கச்சி பதில் சொல்லவில்லை, சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். அன்று பின்னேரமே கதை ஊருக்கு வந்துவிட்டது. அறைக்குள்ளேயே பாத்ரூம் வைத்துக் கட்டினார்களாம், அதனால்தான் கடனாம்.

இங்கே வீடு பெண்பிள்ளையின் பெயரில்தான் இருக்கும், தாயிடமிருந்து மகளுக்குப் போகும். ஏலத்துக்குப் போனால் அந்தப் பெண்ணின் பிள்ளைக்கு வளவே இல்லை. இது தெரிந்த ஊர்ச்சனமே "ஆடம்பரம்" என்று சொல்லும்போதுதான் எனக்கு நெஞ்சு எரிகிறது. அவர்கள் யாரும் "உனக்கு எத்தனை வீதம் போட்டார்கள்?" என்று கேட்கவில்லை.

இந்தப் பேச்சு நம்ம ஊரோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் இலட்சக்கணக்கான வீடுகள் வங்கிகளின் கைக்குப் போய்க்கொண்டிருந்த 2009 பெப்ரவரியில், வீட்டுக் கடன்காரருக்கு அரசு உதவும் திட்டத்தை எதிர்த்து ரிக் சான்டெல்லி என்ற தொலைக்காட்சிக்காரர் சிக்காகோ வர்த்தகத் தளத்தில் நின்று, மேலதிகமாக ஒரு குளியலறை வைத்திருக்கும் அயலவனின் கடனை உங்களில் எத்தனை பேர் கட்ட விரும்புகிறீர்கள் என்று கேட்டார். சுற்றி நின்றவர்கள் மாட்டோம் என்று கூச்சலிட்டார்கள். நிதி நிறுவனங்களைத் தூக்கி நிறுத்த 70,000 கோடி டொலர் வரை செலவிட அந்த நாட்டுக் காங்கிரஸ் அனுமதி கொடுத்து அப்போது ஐந்து மாதம்கூட ஆகவில்லை. பெரிய இடத்து நட்டத்தைப் பொறுத்துக்கொள்ளும் சனத்துக்குப் பக்கத்து வீட்டுக் குளியலறைதான் கண்ணில் குத்துகிறது.

சேவையில் மிக மோசமானது மிரட்டல். "பராட்டேயில் போட்டு ஏலம் விடுவோம்" என்று இரண்டாவது கடிதத்துக்குப் பிறகு தொலைபேசியில் சொன்னார்கள். நான் நொத்தாரிசு ஒருவரிடம் எழுத்து வேலை செய்கிறேன், அதனால் இது எனக்குத் தெரியும். பராட்டே என்பது இதுதான்: 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டம் நீதிமன்றம் போகாமல், பணிப்பாளர் சபைத் தீர்மானத்தோடு ஈட்டுச் சொத்தை விற்க வங்கிக்கு அதிகாரம் கொடுக்கிறது, உண்மைதான். ஆனால் முதல் தொகை 50 இலட்சத்துக்குக் குறைந்த கடன்களுக்கு அந்த வழி பொருந்தாது என்று 2011 இல் திருத்தியிருக்கிறார்கள். நாற்பது இலட்சத்துக்கு அவர்கள் நீதிமன்றம்தான் போக வேண்டும். இதைத் தெரிந்துகொண்டு சொன்னார்களோ தெரியாமல் சொன்னார்களோ, ஒரு குடும்பம் அந்த வார்த்தையால் எத்தனையோ இரவு தூங்கவில்லை.

நல்லதையும் சொல்ல வேண்டும். பிறகு கோப்பு அந்த இளம் உத்தியோகத்தரிடம் வந்தது. எங்களை உள்ளே இருத்தி, வரவு செலவைக் கேட்டு, கணக்கைத் தமிழில் எழுதிக் காட்டினார். 2023 யூனிலிருந்து மத்திய வங்கி வீதங்களைக் குறைத்து வந்தும் எங்கள் கடனில் அது இறங்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தவரும் அவர்தான். ஏற்றும்போது உடனே ஏற்றிய கிளை, இறக்குவதற்கு நாங்கள் எழுதிக் கேட்க வேண்டியிருந்தது. இப்போது 13 வீதம், 20 வருடம், தவணை ஐம்பதாயிரத்துக்குச் சற்றுக் குறைவு. கட்டுகிறார்கள். கிரிப் (கடன் தகவல் பணியகம்) அறிக்கையில் பழைய பிந்தல்கள் இன்னும் கிடக்கின்றன, அது வேறு தலையிடி.

நீங்களும் போவதென்றால் ஒப்பந்தப் பிரதியையும் ஒரு வருட வங்கிக் கூற்றையும் கொண்டுபோங்கள். வீதம் எந்தத் திகதியில் மீளாய்வு செய்யப்படும் என்பதை எழுத்தில் கேளுங்கள். சரிவராவிட்டால் மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்துக்கு 1935 இல் பேசலாம்.

அந்த மேசையை ஓர் அறைக்குள் மாற்றும்படியும், வட்டி மாறும் வரியைத் தமிழில் கொடுக்கும்படியும் முகாமையாளருக்குக் கடிதம் கொடுத்திருக்கிறேன். செய்தால் புள்ளியைக் கூட்டி எழுதுவேன்.