வெளிநாட்டுப் படிப்பும் கார் சாவியும்: ஐ.டி.பி., இந்திய டி.எல்., அந்த ஊர் லைசென்ஸ் – எது எங்கே செல்லும்?

அட்மிஷன் உறுதியானதும் பெங்களூர்த் தமிழ் வீடுகளில் பட்டியல் தொடங்கிவிடும்: குட்டி குக்கர், புளிக்காய்ச்சல், ஃபாரெக்ஸ் கார்டு, கூடவே "ஒரு ஐ.டி.பி. எடுத்து வச்சுக்கோ." அதாவது இன்டர்நேஷனல் டிரைவிங் பர்மிட். 1,000 ரூபாய்தான், எடுப்பதில் தப்பில்லை. புத்தகம் 1 வருடம் செல்லும் என்பதால் 1 வருடம் வண்டி ஓட்டலாம் என்று நினைப்பதுதான் தப்பு. எத்தனை நாள் ஓட்டலாம் என்பதை முடிவு செய்வது போய் இறங்கும் நாடு. சில நாடுகளில் மாநிலம்.

ஐ.டி.பி. தனி லைசென்ஸ் இல்லை. 1949 ஜெனீவா ஒப்பந்தத்தின்படி, உங்கள் டி.எல்.லில் இருப்பதைப் பல மொழிகளில் சொல்லும் சிறு புத்தகம். ஒரிஜினல் கார்டு கூட இல்லாவிட்டால் அதற்கு மதிப்பில்லை. அரசின் சாரதி இணையதளத்தில் படிவம் 4ஏ நிரப்பி ஆர்.டி.ஓ. வழியாக வாங்குவது. 1 வருடம், அல்லது டி.எல். காலாவதியாகும் நாள், எது முதலில் வருகிறதோ அதுவரை செல்லும். 2022-ல் இருந்து நாடு முழுக்க ஒரே வடிவம், டி.எல்.லோடு இணைக்கும் க்யூ.ஆர். குறியீடும் உண்டு. வெளிநாட்டில் இருக்கும்போது காலாவதியானால் அங்குள்ள இந்தியத் தூதரகம் வழியாகப் புதிது கேட்கலாம். இது 2021 திருத்தம். இணையத்தில் "3 வருட இன்டர்நேஷனல் லைசென்ஸ்" என்று விற்கும் பிளாஸ்டிக் அட்டையை வாங்கி ஏமாறாதீர்கள்.

பணம் கட்டும் முன் கார்டின் வண்டி வகையைப் பாருங்கள். காலேஜ் சேர்ந்ததும் ஸ்கூட்டருக்கு மட்டும் லைசென்ஸ் எடுத்தவர்கள் நிறைய. எல்.எம்.வி. (கார் வகை) சேர்க்காத கார்டுக்கு ஐ.டி.பி.யில் கார் வகை முத்திரை விழாது. அதைச் சேர்க்க எல்.எல்.ஆர். போட்டு 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். செப்டம்பரில் விமானம் என்றால் மே மாதமே தொடங்கிவிட வேண்டும்.

பிரிட்டன். இங்கே கார்டு மட்டுமே போதும். ஆங்கிலத்தில் அச்சிட்ட இந்திய டி.எல்.லோடு, குடியேறிய நாளிலிருந்து 12 மாதம் ஓட்டலாம், ஐ.டி.பி. இருந்தாலும் அதற்கு மேல் ஒரு நாள்கூட நீளாது. 1 வருட மாஸ்டர்ஸ் முடித்துத் திரும்புபவருக்கு அந்த ஊர் லைசென்ஸ் வீண் செலவு. கிராஜுவேட் விசாவில் தங்கி வேலை தேடும் திட்டம் இருந்தால் கணக்கு மாறும்: ப்ரொவிஷனல் (பழகுநர் லைசென்ஸ்) ஆன்லைனில் 34 பவுண்டு, தியரி 23, ப்ராக்டிகல் வாரநாளில் 62. தியரியில் 50-க்கு 43 எடுக்க வேண்டும், அதோடு வீடியோவில் சாலை ஆபத்தைக் கண்டுபிடிக்கும் ஹஸார்ட் பெர்செப்ஷன் 75-க்கு 44. ப்ராக்டிகல் தேதி கிடைக்கவே மாதக்கணக்கில் ஆகும். 11-ஆம் மாதம் விழித்துக்கொள்பவர், 12 முடிந்ததும் எல் போர்டு மாட்டி, பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவரை உட்காரவைத்துத்தான் ஓட்ட முடியும். இன்னொன்று, ஆட்டோமேட்டிக் காரில் தேறினால் லைசென்ஸும் ஆட்டோமேட்டிக்குக்கு மட்டும்தான்.

ஜெர்மனி. ஐ.டி.பி.க்கு உண்மையான வேலை இருக்கும் நாடு இது. இல்லையென்றால் டி.எல்.லுக்கு முறையான ஜெர்மன் மொழிபெயர்ப்பு வேண்டும். ஆனால் அனுமதி குடியேறியதிலிருந்து 6 மாதம்தான். அக்டோபரில் செமஸ்டர் சேர்ந்தால் மார்ச்சோடு சரி. புத்தகத்தில் இன்னும் பாதி வருடம் மிச்சமிருப்பது உதவாது. மொத்தத் தங்கலே 12 மாதத்துக்குள் என்று காட்ட முடிந்தால் மட்டும் நீட்டிப்புக் கேட்கலாம். அதற்கு மேல் ஓட்டினால் அபராதச் சீட்டோடு போகாது, அது குற்ற வழக்கு. ஜெர்மன் லைசென்ஸுக்கு இந்திய டி.எல். தரும் ஒரே சலுகை, கட்டாய வகுப்பு மணிநேரக் கணக்கு கிடையாது என்பது. தியரி, ப்ராக்டிகல் இரண்டிலும் தேற வேண்டும். கண் பரிசோதனை, முதலுதவி வகுப்பு தனி. தியரி ஆங்கிலத்தில் உண்டு, ப்ராக்டிகலில் எக்ஸாமினர் பேசுவது ஜெர்மன். டெஸ்டுக்கு டிரைவிங் ஸ்கூல் காரும் அதன் ஆசிரியரும் வேண்டும், செலவு ஏறுவது அங்கேதான். செமஸ்டர் டிக்கெட்டில் பஸ்ஸும் ரயிலும் ஓடும் ஊரில் இது தேவையா என்று யோசிக்கலாம்.

கனடா, ஒன்டாரியோ. ஐ.டி.பி.யைவிட இன்னொரு தாள் இங்கே பெரியது. குடியேறியதிலிருந்து 60 நாள்தான் இந்திய டி.எல். செல்லும். பிறகு ஜி1 எனும் பழகுநர் லைசென்ஸுக்கான எழுத்துத் தேர்வு. அனுபவம் காட்டாதவர் ஜி1-இல் மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், தனியாக ஓட்டவும் முடியாது. 2 வருடத்துக்கு மேல் அனுபவம் இருப்பதை லைசென்ஸ் கொடுத்த அலுவலகத்தின் கடிதத்தோடு நிரூபித்தால், காத்திருக்காமல் நேராக முழு லைசென்ஸுக்கான ஜி ரோடு டெஸ்டுக்கே போகலாம். சாரதியில் "டி.எல். எக்ஸ்ட்ராக்ட்" என்று இருக்கிறதே, அதை வாங்கி ஆர்.டி.ஓ. முத்திரையோடு எடுத்துப் போங்கள். கிளம்புவதற்குச் சற்று முன் வாங்குவது நல்லது, பழைய தாளை ஏற்க மாட்டார்கள். ஓசூர், வேலூர் லைசென்ஸோடு பெங்களூரில் இருப்பவர்கள் இதற்காகவே ஒரு வாரக்கடைசியை ஒதுக்கி வைக்கலாம். பிரிட்டிஷ் கொலம்பியா தாராளம்: முழுநேர மாணவராக இருக்கும்வரை சொந்த நாட்டு லைசென்ஸே போதும்.

அமெரிக்கா. மாநிலத்துக்கு மாநிலம் வேறு. டெக்ஸஸில் குடியேறியவருக்கு 90 நாள். நியூயார்க் வெளிநாட்டு மாணவரைப் பெரும்பாலும் குடியிருப்பாளராகக் கருதுவதில்லை, ஐ.டி.பி.யும் கட்டாயமில்லை. இருந்தும் நம் பரிந்துரை, அந்த மாநில லைசென்ஸை எடுத்துவிடுவதே. அது அடையாள அட்டையாகவும் உதவும், பாஸ்போர்ட்டைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டாம். இறங்கிய மறுநாளே டி.எம்.வி.க்கு (மாநில லைசென்ஸ் அலுவலகம்) ஓடாதீர்கள், குறைந்தது 10 நாள் பொறுங்கள். முன்னதாகப் போய், உங்கள் விவரம் அரசுக் கணினிகளில் ஏறாமல் இருந்தால் விண்ணப்பம் திரும்பி வரும். பாஸ்போர்ட், ஐ-20 (கல்லூரி தரும் மாணவர் விசாப் படிவம்), ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு) வேண்டும். லைசென்ஸுக்குக் கேட்கும் சோஷியல் செக்யூரிட்டி எண் (அரசு தரும் அடையாள எண்), கேம்பஸ் வேலை இல்லாத எஃப்-1 (மாணவர் விசா) மாணவருக்குப் பொதுவாகக் கிடைக்காது. சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்தில், எண் தர இயலாது என்று சொல்லும் எல்676 கடிதம் வாங்கினால் பல மாநிலங்களில் அதுவே போதும். லைசென்ஸின் காலமும் பொதுவாக விசா ஆவணத்தோடு முடியும்.

ஆஸ்திரேலியா, நியூ சவுத் வேல்ஸ். 2023 ஜூலையிலிருந்து தற்காலிக விசாக்காரர்களும் 6 மாதத்துக்குள் அந்த ஊர் லைசென்ஸுக்கு மாற வேண்டும். டிரைவிங் டெஸ்டில் தோற்றால் அன்றோடு இந்திய டி.எல்.லில் ஓட்டும் உரிமையும் போய்விடும். பழகாமல் "சும்மா ஒரு தடவை போய்ப் பார்க்கலாம்" என்று போகாதீர்கள்.

எந்த நாடானாலும் தமிழர்களுக்கென்று ஒரு தலைவலி உண்டு: இனிஷியல். டி.எல்.லில் "கார்த்திக் எஸ்", பாஸ்போர்ட்டில் "கார்த்திக் செல்வராஜ்" என்று இருந்தால், இருவரும் ஒருவரே என்று வாடகைக் கார் கவுண்டரில் விளக்கிக்கொண்டு நிற்க வேண்டும். பாஸ்போர்ட்டில் ஒற்றைப் பெயர் மட்டும் இருந்தால் அமெரிக்க விசாவில் முதல் பெயர் இடத்தில் "எஃப்.என்.யூ." (முதல் பெயர் தெரியாது) என்று விழும், லைசென்ஸிலும் அதுவே தொற்றிக்கொள்ளும். முதலில் பாஸ்போர்ட்டைச் சரிசெய்யுங்கள், அதுவும் விசாவுக்கு முன்பே. பிறகு அதே எழுத்துக்கூட்டலில் டி.எல். பெயரை சாரதியில் மாற்றுங்கள். ஐ.டி.பி.யும் எக்ஸ்ட்ராக்டும் கடைசியாக.