வெயில் வருது, சூடு வரேல்லை: மூன்று கண்ணாடி யன்னலோடு நாலு குளிர்காலம்

சகலன் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதியில் பழைய வீடொன்று வாங்கியிருக்கிறார். யன்னலுக்கு மூன்று கண்ணாடி போடவா, இரண்டு போதுமா என்று போன கிழமை கேட்டார். அதே கிழமைதான் எங்கள் படுக்கையறை யன்னலைத் திறக்கச் சுற்றும் கைபிடி பழுதாகி, உத்தரவாதத்தில் மாற்றித் தந்தார்கள். அவருக்குச் சொன்னதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

நாங்கள் 2021 ஒக்டோபரில் ஒன்பது யன்னலையும் மாற்றினோம். மூன்று கண்ணாடி, இடையில் சூட்டை எளிதில் கடத்தாத ஆர்கன் வாயு, சூட்டைத் திருப்பி அனுப்பும் லோ-ஈ என்ற மெல்லிய பூச்சு.

நல்லதை முதலில் சொல்ல வேண்டும். பழைய அலுமினிய யன்னல் இருந்த காலத்தில், மைனஸ் 20 வரும் இரவுகளில் கட்டிலைச் சுவரிலிருந்து தள்ளிப் போடுவோம். அம்மா காலையில் புட்டு அவித்தால் குசினிக் கண்ணாடியில் தண்ணீர் வழிந்து, கீழ்ச் சட்டத்தில் ஐஸாக உறையும். இப்போது கட்டில் யன்னலோடு ஒட்டியே கிடக்கிறது. சாமத்தில் ஸ்னோ தள்ளும் லொறி போவதுகூடக் கேட்பதில்லை. வசந்தத்தில் சில காலைகளில் வெளிப்பக்கம் ஆவி படியும். அது பழுதில்லை, வீட்டுச் சூடு வெளிக் கண்ணாடி வரை போகவில்லை என்பதன் அடையாளம். கண்ணாடிகளுக்கு நடுவே ஆவி தெரிந்தால்தான் சீல் போய்விட்டது என்று பொருள்.

ஆனால் ஹோல் யன்னலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வருகிறது.

அது தெற்குப் பக்கம். டிசம்பர் மத்தியானத்தில்கூடச் சூரியன் இங்கே 25 பாகைக்கு மேல் ஏறாது. வெயில் சரிந்து ஹோலின் பின்சுவர் வரை வரும். பழைய யன்னல் இருந்தபோது, அந்த வெயிலுக்குள் கதிரையைப் போட்டு அம்மா பத்து மணியிலிருந்து இருப்பார். கொஞ்ச நேரத்தில் சுவெட்டரைக் கழற்றிவிடுவார். யன்னல் மாற்றிய முதல் குளிர்காலத்திலேயே கேட்டார்: "வெயில் வருது தம்பி, ஏன் சூடு வரேல்லை?" இப்போது அந்தக் கதிரை ஹீட்டர் காற்று வரும் துவாரத்தடியில் கிடக்கிறது.

விற்க வந்தவர் ஸ்டிக்கரில் யூ எண்ணை மட்டும் காட்டினார்: 1.02. வீட்டுச் சூடு எவ்வளவு வெளியே போகிறது என்பதன் அளவு அது; குறையக் குறைய நல்லதுதான். பக்கத்திலேயே எஸ்.எச்.ஜி.சி. 0.20 என்று இருந்தது. அதாவது யன்னலில் விழும் வெயில் சூட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். வெக்கையான ஊருக்கும், கோடையில் கொதிக்கும் மேற்கு அறைக்கும் அது சரி. அதையே ஒன்பது யன்னலுக்கும் போட்டுவிட்டார்கள்.

கனடாவில் ஈ.ஆர். என்று இன்னொரு எண்ணும் உண்டு. வெளியே போகும் சூடு, உள்ளே வரும் வெயில், காற்றுக் கசிவு மூன்றையும் சேர்த்துப் போடும் கணக்கு அது. அப்போது இருந்த கனடா அரசின் கிரீனர் ஹோம்ஸ் மானியத்தில் ஒரு யன்னலுக்கு 250 டொலர் கிடைக்க, யூ எண் 1.05-க்குள் இருக்க வேண்டும், அல்லது ஈ.ஆர். 40-ஆவது இருக்க வேண்டும். வெயிலை உள்ளே விடுகிற, ஈ.ஆர். 40 உள்ள கண்ணாடியைத் தெற்கே போட்டிருந்தாலும் அதே 250 வந்திருக்கும். வீட்டைச் சுற்றி அளவெடுத்தவருக்குத் தெற்கு எதுவென்று கேட்க ஒரு நிமிடம் போதுமே!

பூட்டிய வேலையில் குறை சொல்ல முடியாது. சட்டத்தைச் சுற்றி ஃபோம் அடித்ததில் ஊசி நுழைய இடமில்லை. கைபிடியையும் காசு கேட்காமல் மாற்றினார்கள். ஐந்துக்கு நாலரை கொடுக்க வேண்டிய யன்னல். நான் இரண்டுதான் கொடுப்பேன்.

சகலன், மூன்று கண்ணாடியே போடுங்கள். தெற்குப் பக்கத்துக்கு மட்டும் எஸ்.எச்.ஜி.சி. கூடின கண்ணாடிக்குத் தனியாக விலை எழுதித் தரச் சொல்லுங்கள். சட்டத்தைக் கழற்றாமல் கண்ணாடியை மட்டும் மாற்றலாம் என்கிறார்கள். ஹோலுக்கு நானும் விலை கேட்டிருக்கிறேன். மார்கழிக்கு முன் அம்மாவின் கதிரை பழைய இடத்துக்குப் போக வேண்டும்.