கடலாமைத் தொண்டுக்கு வெளிநாடு கிளம்புகிறீர்களா? பணம் கட்டும் முன் இதைப் படியுங்கள்

ஈரோடு மஞ்சள் மண்டியில் விரலியை ஒடித்துப் பார்க்காமல் யாரும் விலை சொல்வதில்லை. அந்த மண்டிக்கு வருடா வருடம் மஞ்சள் ஏற்றி அனுப்பும் கோபிசெட்டிபாளையத்துக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட நான், 85,000 ரூபாயை எதையும் ஒடித்துப் பார்க்காமல் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். இத்தனைக்கும் 31 வருடம் விலங்கியல் டீச்சர். கேலி செய்ய வீட்டுக்காரர் இருக்கிறார், நீங்கள் வேறு வேண்டாம். உங்கள் வீட்டில் யாராவது வெளிநாட்டில் தன்னார்வத் தொண்டு என்று கிளம்பினால் இதைக் காட்டுங்கள், போதும்.

கோபியிலிருந்து கடல் வெகு தூரம். ஆமை முட்டையிடுவதைப் படம் போட்டுப் படம் போட்டு நடத்தியிருக்கிறேனே தவிர, ஒரு தடவைகூட நேரில் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் முகநூலில் அந்த விளம்பரம் வந்தது. இலங்கையில் கடலாமைப் பாதுகாப்பு, 14 நாள், முன் அனுபவம் தேவையில்லை, யார் வேண்டுமானாலும் வரலாம். உலகில் இருக்கும் ஏழு வகைக் கடலாமைகளில் ஐந்து இலங்கைக் கரையில் முட்டையிடுகின்றன. அது உண்மை. விளம்பரத்தில் இருந்த உண்மையும் அது ஒன்றுதான்.

கோவை காந்திபுரத்தில் ஒரு மாடியில் அலுவலகம். அங்கே எங்களிடம் பேசிய பையனுக்கு முப்பது வயதுக்குள்தான் இருக்கும். பவானிப் பக்கம் என்றார். நம் ஆட்களின் பழக்கம்தான் தெரியுமே, எந்த ஊர், யார் வீடு, தாய்மாமன் எங்கே என்று பத்துக் கேள்வி கேட்டோம். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது, காபியும் வந்தது, மனசு இறங்கிவிட்டது. அங்கே போய் நான் என்ன வேலை செய்வேன், அதை யார் மேற்பார்வை பார்ப்பார்கள், என் பணத்தில் ஆமைக்கு எவ்வளவு போகும் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. பாஸ்போர்ட் நகல், இரண்டு போட்டோ, முன்பணம் 20,000. அவ்வளவுதான். பள்ளிக்கூடத்தில் ஆய்வக உதவியாளர் வேலைக்குக்கூட என்ன தெரியும் என்று கேட்டுத்தான் எடுப்பார்கள்.

சுவரில் அரசு முத்திரையோடு ஒரு சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்தில் தொங்கியது. மத்திய அரசு அங்கீகாரம் என்றார். வீட்டுக்காரர் அதைச் செல்போனில் படம் பிடித்திருந்தார். ஊர் திரும்பிய பிறகு பெரிதாக்கிப் பார்த்தேன். ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ். எங்கள் தெரு ஹார்டுவேர் கடையிலும் அதுதான் தொங்குகிறது.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜெண்ட், 1983ஆம் வருடக் குடிபெயர்வுச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். மத்திய அரசின் இ-மைக்ரேட் இணையதளத்தில் அந்தப் பட்டியலைப் பார்க்கலாம். சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் தவிர மேலே வாங்கக் கூடாது. தொண்டு விற்கிறவர்களோ, நாங்கள் ஆள் எடுப்பவர்கள் அல்ல, சுற்றுலா ஏற்பாட்டாளர்கள் என்று எழுதிக்கொண்டு அந்தப் பட்டியலுக்கு வெளியே நிற்கிறார்கள். எனக்குக் கொடுத்த ரசீதில் 'சுற்றுலா சேவை' என்றுதான் இருந்தது. பாதிப் பணம் நிறுவனக் கணக்குக்கும் மீதி ஒரு தனிநபர் கணக்குக்கும் போனது. கொழும்பில் கேட்டால் சுற்றிப் பார்க்க வந்தேன் என்று சொல்லுங்கள் என்றார். சொன்னேன். பிள்ளைகளிடம் பொய் சொல்லாதே என்று முப்பது வருடம் சொன்ன வாய்.

திருச்சியிலிருந்து விமானம். டிக்கெட் என் செலவு. கொழும்புக்கும் காலி நகருக்கும் இடையே கடலோரமாக, ஆமை முட்டைகளை மணலில் புதைத்துக் குஞ்சு பொரிக்க வைக்கும் அந்தப் பொரிப்பகம் இருந்தது. தனி அறை என்று சொன்ன இடத்தில் அடுக்குக் கட்டில்கள் நான்கு. சோறும் பருப்பும் மூன்று வேளை. இதற்காக நான் எழுதவில்லை, அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாம் நாள் காலை ஒன்பது மணி இருக்கும். ஒருவர் பைக்கில் வந்தார், ஹேண்டில்பாரில் உரச்சாக்கு ஒன்று தொங்கியது. உள்ளே முட்டைகள், பிங்பாங் பந்து மாதிரி, மணல் ஒட்டியபடி. அவர் ஒவ்வொன்றாக எண்ணி வாளிக்குள் போட்டார். போட்டார் என்றால் வைத்தார் என்று படிக்காதீர்கள், விழுகிற சத்தம் கேட்டது. பணம் வாங்கிக்கொண்டு போய்விட்டார். ஆமை முட்டை இட்ட சில மணி நேரத்தில் கரு ஓட்டின் உட்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு புரட்டினால் கரு செத்துப்போகும். நேற்று ராத்திரி எடுத்த முட்டையா என்று அங்கே வேலை செய்த பையனிடம் கேட்டேன். ஹட்டன் பக்கத்து மலையகத் தமிழ்ப் பையன். "யாருக்குத் தெரியும் டீச்சர்? நாங்கள் வாங்காவிட்டால் சாப்பிடுகிறவர்கள் வாங்குவார்கள்" என்றான். இலங்கைச் சட்டப்படி ஆமை முட்டையை எடுப்பதும் விற்பதும் குற்றம். வாங்க ஆள் இருக்கும்வரை எடுக்கவும் ஆள் இருப்பான் என்பது அந்தப் பையனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த முட்டைகளைப் புதைத்த மணலில் ஒரு வெப்பமானி கிடையாது. ஆமைக் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் முடிவு செய்கிறது, சூடு ஏறினால் பெண்ணாகப் பொரியும். எத்தனை முட்டை புதைத்தோம், எத்தனை பொரிந்தது என்ற பதிவேட்டைக் கேட்டேன். அப்படி ஒரு நோட்டே இல்லை.

எங்கள் வேலை என்ன தெரியுமா? சிமெண்டுத் தொட்டியைத் தேய்ப்பது, தண்ணீர் மாற்றுவது, மீன் நறுக்குவது, துடுப்பு இழந்த கிழட்டுப் பேராமைகளின் ஓட்டில் படிந்த பாசியை பிரஷ்ஷால் தேய்ப்பது. வாரத்துக்கு மூன்று நாள் தேய்த்தால் போதாதா என்று கேட்டதற்கு, டிக்கெட் வாங்கிக்கொண்டு வருகிறவர்கள் சுத்தமான ஆமையைத்தான் போட்டோ எடுப்பார்கள் என்றார் பொறுப்பாளர்.

பொரிந்த குஞ்சுகளை அன்றிரவே கடலில் விட வேண்டும். முட்டையைவிட்டு வரும் குஞ்சின் வயிற்றில் மஞ்சள் கருவின் மிச்சம் இருக்கும். அந்த பலத்தில்தான் அது முதல் ஒரு நாள் நிற்காமல் நீந்தி, கரையோர மீன்களுக்குத் தப்பி ஆழத்துக்குப் போகிறது. இங்கே மூன்று நான்கு நாள் தொட்டியில் வைத்திருந்தார்கள். கடலுக்குள் நீந்த வேண்டியதை எல்லாம் அவை தொட்டிச் சுவரில் முட்டி முட்டியே தீர்த்தன. வெயில் இறங்காத நேரத்தில், சன் ஸ்கிரீன் பூசிய கைகளில் ஆளுக்கொன்றாகக் கொடுத்து, படம் எடுத்து முடித்த பிறகு மணலில் விடுவார்கள். காக்கைகளுக்கு அந்த நேரம் நன்றாகத் தெரிந்திருந்தது.

என்னோடு இரண்டு ஜெர்மன் பெண்கள் இருந்தார்கள், பள்ளி முடித்த கையோடு வந்தவர்கள். என்னைவிடப் பல மடங்கு கட்டியிருந்தார்கள். ராத்திரி அவர்களுக்குக் கரு ஒட்டும் கதையைப் படம் போட்டு விளக்கினேன். அதில் ஒருத்தி அழுதுவிட்டாள். அந்தப் பதினான்கு நாளில் நடந்த ஒரே உருப்படியான வேலை அந்த வகுப்புதான் என்று நினைக்கிறேன்.

இலங்கையில் எல்லா இடமும் இப்படி இல்லை. தெற்கே ரெக்காவ கடற்கரையில் முட்டையை எடுக்காமல், ஆமை போட்ட இடத்திலேயே காவல் காக்கிறார்கள் என்பது பின்னால் தெரிந்தது. அதைக் கிளம்பும் முன் தேடியிருக்க வேண்டும்.

ஒன்பதாம் நாள் கிளம்பி வந்துவிட்டேன். போன் செய்தால், எல்லோரும் சந்தோஷமாகத்தான் போகிறார்கள் டீச்சர், உங்களுக்கு மட்டும்தான் குறை என்றார் பவானிப் பையன். பணத்தைக் கேட்டதும், படிவத்தின் பின்பக்கம் பதினோராவது விதியைப் படித்தீர்களா என்றார். கட்டணம் திருப்பித் தரப்படாது. படிக்கவில்லைதான்.

1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் சொல்லிவிட்டு, ஈரோடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். அலுவலகம் கோவையில் இருந்தாலும், 2019 சட்டப்படி நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதனால் விளம்பரம், ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

இந்தப் பிப்ரவரியில் சென்னையில் இருக்கும் என் பழைய மாணவி கூட்டிப்போய், நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் பக்கம் ராத்திரி முழுக்க நடந்தேன். 1988லிருந்து அங்கே மாணவர்கள் கடலாமைகளுக்காக இப்படி நடக்கிறார்கள். அதிகாலையில் ஒரு பங்குனி ஆமையின் தடம் கிடைத்தது. கல்லூரிப் பையன் ஒருவன் கையை முழங்கை வரை மணலுக்குள் விட்டுக் குழியின் ஆழத்தை அளந்து நோட்டில் எழுதினான். பஸ் செலவு தவிர ஒரு பைசா ஆகவில்லை.

இலங்கையிலிருந்து வீடு வந்து சேர்ந்த மறுவாரம் கூரியரில் ஒரு சான்றிதழ் வந்தது. 'கடல் உயிரினப் பாதுகாவலர், 120 மணி நேரம்' என்று தங்க எழுத்தில். ஒன்பது நாளில் பாதி நேரம் பொறுப்பாளரோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தவளுக்கு 120 மணி நேரம். ஒரு வாரம் காய்ச்சலில் படுத்திருந்த அந்த ஜெர்மன் பெண்ணுக்கும் அதே 120தான், கேட்டுத் தெரிந்துகொண்டேன். என் பெயரில் ஓர் எழுத்துப் பிழை வேறு. மனுவோடு இணைத்த ஆவணங்களில் அது ஏழாவது.