ட்ரையிங் ஏஜென்ட், வாக்ஸ்: தொடர்ந்து பயன்படுத்தியதில் தெரிந்தவை

கழுவிய காரில் தண்ணீர் நிற்கிறது என்றால் பலரும் ட்ரையிங் ஏஜென்டின் (தண்ணீரை வழியவிட்டுக் காரைச் சீக்கிரம் உலரவைக்கும் திரவம்) அளவைக் கூட்டிவிடுகிறார்கள். தொடர்ந்து பயன்படுத்திப் பார்த்ததில், கோளாறு பெரும்பாலும் அதற்கு முந்தைய கட்டத்தில்தான், அதாவது ஷாம்புவை அலசிய விதத்தில்தான் இருக்கிறது.

ஈரமான பெயின்ட் பரப்பில் எதிர்மின்னூட்டம் உண்டு. ட்ரையிங் ஏஜென்ட் நேர்மின்னூட்டம் கொண்டது என்பதால் அதில் போய் ஒட்டிக்கொண்டு, படலமாகக் கிடக்கும் தண்ணீரை உடைத்து வழியவிடுகிறது. ஷாம்புவின் நுரையோ பெரும்பாலும் எதிர்மின்னூட்டம் கொண்டது. மிச்ச நுரை இருந்தால் இரண்டும் ஒன்றோடொன்று பிணைந்து பிசுக்காகப் படியும், தண்ணீர் உடையாது. பக்கக் கண்ணாடியின் கூடு, கதவுக் கைப்பிடி, நம்பர் பிளேட் ஓரம், முன் கிரில் ஆகிய இடங்களில் நுரை ஒளிந்திருந்து மெல்லக் கசியும். மேலிருந்து கீழாக அலசி, அரை நிமிடம் விட்டு, இந்த இடங்களை மறுபடி அலசுங்கள்.

ஷாம்புவை அலசிய பிறகு வரிசை இதுதான்: நுரை வாக்ஸ், அலசல், ட்ரையிங் ஏஜென்ட், கடைசியாக ஆர்ஓ தண்ணீர். உடனே ப்ளோயரை (காற்று ஊதும் இயந்திரம்) போடாமல் 20, 30 விநாடி வழியவிட்டால் காற்றுக்குப் பாதி வேலைதான். பானெட்டில் தண்ணீர்ப் படலம் சில விநாடிகளில் பிளந்து ஓட வேண்டும். ஓடவில்லையா? முதலில் அலசலைப் பாருங்கள், பிறகு நாசிலை (தெளிக்கும் முனை), கடைசியாகத்தான் அளவை.

அளவை ஊகிக்க வேண்டாம். லேபிளில் 1:100 என்றிருந்தால் 1 லிட்டர் தண்ணீருக்கு 10 மி.லி. டோசிங் பம்ப் (ஏஜென்டைத் தானே அளந்து விடும் பம்ப்) என்றால் உறிஞ்சு குழாயை அளவு உருளையில் போட்டு, ஒரு காருக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். கூடினால் முன்கண்ணாடியில் வானவில் நிறத்தில் மங்கல் தெரியும், வைப்பர் தடதடக்கும், இரவில் எதிர்வண்டி வெளிச்சம் கூசும். ஐசோபுரோபைல் ஆல்கஹாலும் தண்ணீரும் சமமாகக் கலந்து கண்ணாடியையும் வைப்பர் ரப்பரையும் துடைத்தால் போய்விடும்.

காலையில் முதல் கார் மட்டும் சரியாக உலரவில்லை என்றால் செக் வால்வை (குழாயில் திரவம் பின்னோக்கி வழியாமல் தடுக்கும் வால்வு) பாருங்கள். இரவில் குழாய் காலியாகியிருக்கும்.

உப்புத் தண்ணீரின் வெள்ளைப் புள்ளிகளை எந்த ஏஜென்டும் முழுதாகத் தடுக்காது. கடைசி அலசலுக்கான தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 50 பிபிஎம்முக்குக் கீழ் இருக்கட்டும். சூடான பானெட்டில் எதையும் தெளிக்காதீர்கள்.

வாஷில் அடிக்கும் வாக்ஸ் சில வாரங்களுக்கு மேல் நிற்காது. கையால் தேய்க்கும் பேஸ்ட் வாக்ஸுக்கு அது மாற்றாகவும் ஆகாது. பேஸ்ட் வாக்ஸின் மேல் பூச்சாக அடித்தால் நல்ல பலன் தருகிறது. மேட் பெயின்ட்டில் தவிர்த்துவிடுங்கள், பிரேக் டிஸ்க்கில் படவே கூடாது.