கீழே பார்த்த கல் ஒன்று, மேலே வந்த கல் வேறு: பட்டறைக்குப் பழைய சாமான் வாங்குபவர்கள் கவனத்துக்கு

‘வெள்ளைக்காரன் காலத்துப் பட்டறைக்கல், எஸ்டேட் ஒர்க்‌ஷாப்பில் இருந்து வந்தது’ என்று ஒரு போட்டோ இப்போது வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. காய்ச்சின இரும்பை வைத்து அடிக்கும் அந்த இரும்புக் கல்லின் இடுப்பில் 1·2·14 என்று எண் தெரியும். ஒரு பக்கம் கூம்பாக நீளும் கொம்பின் நுனி கொஞ்சம் மழுங்கியிருக்கும். அந்தக் கல்லை நேரில் பார்த்து, தட்டிப் பார்த்து, பணமும் கட்டியவன் நான். கல் இன்னும் விற்ற வியாபாரியிடமேதான் இருக்கிறது. என் பட்டறையில் இருப்பது வேறு. அதே போட்டோ மறுபடியும் கிளம்பியிருப்பதால் எழுதுகிறேன்.

கோத்தகிரி பக்கம் சின்னப் பட்டறை என்னுடையது. கவாத்துக் கத்தி, களைக்கொத்து, கடப்பாரை முனை தட்டிக் கொடுப்பது, அரிவாள் என்று தேயிலைத் தோட்டத்துக்கும் கேரட் தோட்டத்துக்கும் வேண்டியதுதான் முக்கால்வாசி வேலை. கோத்தர்கள் தலைமுறை தலைமுறையாக உலை வைத்து, படுகருக்கும் தோடருக்கும் இரும்புச் சாமான் அடித்துக் கொடுத்த மலை இது. ஆனாலும் இன்று ஒரு நல்ல கல்லோ, காய்ச்சின இரும்பைப் பிடிக்கும் பழைய கொறடோ, தரமான லாரி ஸ்பிரிங் பட்டையோ வேண்டுமென்றால் கீழேதான் இறங்க வேண்டும். பழைய இரும்பெல்லாம் அங்கேதான் போய்ச் சேருகிறது, நம் எஸ்டேட் ஃபேக்டரிகளில் கழித்துக் கட்டியதும் சேர்த்து.

வியாபாரி பெயரையோ ஊரையோ எழுதப்போவதில்லை. புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெரிய ஷெட், வாசலில் எலக்ட்ரானிக் தராசு, பேச்சில் அவ்வளவு மரியாதை. ‘வாங்கண்ணா, மலையிலிருந்து வர்றீங்க, முதல்ல டீ சாப்பிடுங்க’ என்று உட்கார வைத்தார்.

கல்லைப் பார்த்ததும் பிடித்துப்போனது. பழைய இங்கிலாந்துக் கற்களில் இப்படி மூன்று எண் வெட்டியிருப்பார்கள். முதல் எண் ஹண்ட்ரட்வெயிட், அதாவது 112 பவுண்டு. நடு எண் அதில் கால் பங்கு, 28 பவுண்டு. கடைசி எண் மிச்சப் பவுண்டு. 1·2·14 என்றால் 112, 56, 14. கூட்டினால் 182 பவுண்டு, நம் கணக்கில் 82 கிலோ சொச்சம். நூறு வருஷம் அடி வாங்கித் தேய்ந்திருந்தாலும் ஒன்றிரண்டு கிலோ குறையும், அவ்வளவுதான். அங்கேயே தராசில் ஏற்றினோம், 82 காட்டியது. இடுப்பிலும் அடியிலும் சதுர ஓட்டை இருந்தது. உலையில் காய்ச்சி அடிக்கும்போது கம்பி செருகிப் பிடிக்க வைத்த ஓட்டை அது, அடித்துச் செய்த கல்லுக்கு அடையாளம். பையில் கொண்டுபோயிருந்த பேரிங் குண்டை ஒரு சாண் உயரத்திலிருந்து முகத்தில், அதாவது கல்லின் மேல்பரப்பில் போட்டேன். முக்கால் உயரத்துக்கு மேல் எழும்பியது. ஓரம், நடு, கொம்புக்குப் பக்கம் என்று மாற்றி மாற்றிப் போட்டாலும் அதே துள்ளல். அடியில் தேனிரும்பு, மேலே எஃகு முகம் வைத்து உலையிலேயே இணைத்த கல்லுக்கு அப்படித்தான் இருக்கும். கிலோ 220 ரூபாய் என்று முடித்து, 18,000 கொடுத்தேன்.

கூடவே லாரி பட்டை 150 கிலோவுக்கு மேல் நானே குவியலில் இருந்து பொறுக்கி, சாக்பீஸில் கோடு போட்டு ஒதுக்கி வைத்தேன். கத்திப் பிடிக்குப் பூண் போடக் கொஞ்சம் கருப்புப் பைப், அதாவது துத்தநாகப் பூச்சு இல்லாத இரும்புக் குழாய். பழைய கொறடுகள் நாலைந்து. அப்புறம் ஒரு அட்டைப்பெட்டி நிறைய, ஏதோ எஸ்டேட் இன்ஜினியர் வைத்திருந்தது என்று சொல்லி, உலோக வேலைப் புத்தகங்கள்.

‘தண்டவாளத் துண்டு ஒண்ணு சும்மாவே போட்டு விடுறேன், மலை ரயில் தண்டவாளம்ணா’ என்றார். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இதைக் கேட்டு ஆசைப்படுகிறவர்கள் நம்மில் உண்டு, அதனால் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரயில்வே சொத்து என்று சந்தேகம் வரும் இரும்பு உங்கள் பட்டறையில் இருந்து, முறையாக வந்தது என்று காட்ட முடியாமல் போனால், 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி ஐந்து வருடம் வரை சிறை. ரயில்வே ஏலத்தில் எடுத்த காகிதம் இல்லாமல் ஒரு சாண் துண்டுகூடத் தொடாதீர்கள்.

சாமான் மறுநாள் மேலே வந்தது. மேட்டுப்பாளையம் மண்டிக்குக் காய் இறக்கிவிட்டுக் காலியாகத் திரும்பும் பிக்கப்பில் போட்டு அனுப்புவது இங்கே எல்லோருக்கும் வழக்கம், வாடகை குறைவு. ஏற்றியது அவருடைய ஆட்கள். டிரைவர் தம்பி நமக்குத் தெரிந்த பையன்தான். ‘அவங்க ஏத்தினதை அப்படியே கொண்டு வந்தேண்ணா’ என்றான். அவன்மேல் எனக்குச் சந்தேகம் இல்லை.

வந்த கல் மேலிருந்து கீழ்வரை பளபளவென்று கருப்புப் பெயின்ட். எண்ணைக் காணவில்லை. உடனே போன் போட்டேன்.

‘அதே கல்லுதாண்ணா, துரு புடிச்சிருந்துச்சு, நம்ம மரியாதைக்கு ஒரு கோட் அடிச்சு விட்டோம். நம்பர் பெயின்டுக்குள்ள இருக்கும் பாருங்க.’

கேட்க நியாயமாகத்தான் இருந்தது. பக்கத்தில் காய்கறி எடை போடும் தராசில் தூக்கி வைத்தோம். 66 கிலோ. பெயின்ட் அடித்தால் பதினாறு கிலோ குறையுமா? தின்னர் ஊற்றித் துடைத்ததும் எல்லாம் வெளியே வந்தது. உடம்பின் நடுவில் மேலிருந்து கீழாக ஒரு மேட்டுக் கோடு, வார்ப்பு அச்சின் இரண்டு பாதி சேர்ந்த இடம். சதுர ஓட்டை கிடையாது. முகத்துக்குக் கீழே சுற்றிலும் கார் டிங்கரிங்கில் அப்பும் பட்டி. சுரண்டினால் உள்ளே வெல்டு. வெறும் வார்ப்பிரும்புக் கல்லின் தலையில் ஒரு சாதா இரும்புத் தகட்டை ஒட்டி, ராவித் தேய்த்து, முகம் பண்ணியிருக்கிறார்கள். பேரிங் குண்டைப் போட்டால் பாதி உயரம்கூட எழும்பவில்லை. நடுவில் சம்மட்டியால் தட்டினால் கிணுகிணுவென்று உதறல் சத்தம், தகடு அடியில் எங்கும் ஒட்டவில்லை, ஓரத்தில் மட்டும்தான் பிடிப்பு. வார்ப்பிரும்பில் சாதாரண ராடு போட்டு வெல்டு வைத்தால் அந்த ஓரமே ஒருநாள் விண்டு வரும். கனமான சம்மட்டி அடிக்கு அந்தக் கொம்பு உடைந்து காலில் விழுந்தால் யார் பொறுப்பு?

ஒன்றைக் கவனியுங்கள். சத்தத்தை வைத்து மட்டும் கல்லை முடிவு செய்யாதீர்கள். வார்ப்பிரும்பு உடம்பில் ஃபேக்டரியிலேயே எஃகு முகம் பொருத்திய நல்ல கற்கள் உண்டு, அவையும் மணி போல ஒலிக்காது. துள்ளலும் எடையும்தான் கணக்கு. என் விஷயத்தில் இரண்டுமே பொய்த்தன.

கல்லையாவது பார்த்ததும் சொல்லிவிடலாம். பட்டையில் செய்தது அதைவிட மோசம். கழிவு ஆயில் பூசி, ஒரே கருப்பாகக் கட்டி அனுப்பியிருந்தார்கள். என் சாக்பீஸ் கோடு ஒன்றிலும் இல்லை, ஆயில் பட்டால் அழியத்தான் செய்யும். மேலே இருந்த ஐந்தாறு உண்மையான பட்டை, வளைவும் நடு போல்ட் ஓட்டையும் சரியாக இருந்தன. உள்ளே இருந்ததெல்லாம் டிரெய்லர் சட்டத்தில் வெட்டிய சாதா இரும்புப் பட்டை. லேசாக வளைத்து, நடுவில் ஓட்டையும் போட்டிருக்கிறார்கள்! இந்த உழைப்பை நேர்மையான வேலையில் காட்டியிருக்கலாம்.

கிரைண்டரில் வைத்தால் பொறியே காட்டிக்கொடுத்துவிடும். நல்ல ஸ்பிரிங் எஃகில் நூற்றுக்கு அரை பங்குக்கு மேல் கரி இருக்கும், பொறி பறந்து நுனியில் கொத்துக் கொத்தாக வெடிக்கும். சாதா இரும்பில் நீளமாக ஓடும், வெடிப்பு அங்கொன்றும் இங்கொன்றும்தான். வார்ப்பிரும்பில் பொறி குட்டையாக, மங்கின சிவப்பாக இருக்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் ஒரு விரல் அளவு துண்டை உலையில் வையுங்கள். காந்தம் ஒட்டாமல் போகும் சூட்டுக்கு வந்ததும் இன்னும் கொஞ்சம் ஏற்றித் தண்ணீரில் போட்டு எடுங்கள். அரம் வழுக்கிக்கொண்டு போனால், சுத்தியலால் அடித்ததும் பட்டென்று முறிந்தால், தோய்ச்சல் ஏறும், அதாவது காய்ச்சித் தோய்த்தால் கடினமாகும் எஃகு. அரம் கடித்தால், அடித்தால் வளைந்தால், அது வேலிக் கம்பிக்குத்தான் ஆகும். (இது சோதனைக்கு மட்டும். பட்டையில் செய்த கத்தியை இங்கே மார்கழிக் குளிரில் தண்ணீரில் தோய்த்தால் விரிசல் விட்டுவிடும். ஆயில்தான், அதுவும் கொஞ்சம் சூடேற்றி.)

வந்ததில் நல்ல பட்டை என்று தேறியவற்றிலும் இரண்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல். லாரியில் லட்சக்கணக்கான தடவை வளைந்து நிமிர்ந்தது, அது வியாபாரியின் குற்றம் இல்லை. துடைத்துவிட்டு மண்ணெண்ணெய் தடவி, காயவிட்டு, சுண்ணாம்பு பூசிப் பாருங்கள். விரிசலுக்குள் இறங்கின எண்ணெய் சுண்ணாம்பில் கோடாக ஊறி வரும்.

பைப் விஷயத்தைக் கட்டாயம் படியுங்கள், இது உடம்பு சம்பந்தப்பட்டது. கருப்புப் பைப் கேட்டதற்கு துத்தநாகப் பூச்சு போட்ட ஜி.ஐ. பைப்பில் கருப்பு பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். ஒரு முனையை உலையில் வைத்ததும் பச்சை கலந்த தீயும் வெள்ளைப் புகையும் கிளம்பின. வெளியே இழுத்துப் போட்டேன், சூட்டில் மஞ்சளாக இருந்த பொடி ஆற ஆற வெள்ளையானது. துத்தநாகம். அது 907 டிகிரியில் கொதித்து ஆவியாகும், நம் உலைச் சூடு அதைத் தாண்டியது. அந்தப் புகையைப் பிடித்தால் ராத்திரி குளிர்காய்ச்சல், உடம்பு வலி, வாயில் இரும்புச் சுவை என்று படுக்க வைத்துவிடும். குளிருக்குக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை செய்யும் மலைப் பட்டறையில் இன்னும் ஆபத்து. பெயின்ட் அடித்த எந்த இரும்பையும் ஓர் இடத்தில் அரத்தால் ராவிப் பார்க்காமல் உலைக்குள் விடாதீர்கள். அதே மாதிரி பழைய ஷாக் அப்சார்பர், வாய் அடைத்த குழாய் எதையும் அப்படியே காய்ச்சவே கூடாது, வெடிக்கும்.

புத்தகப் பெட்டியைப் பற்றி எழுதச் சிரிப்பாகவும் இருக்கிறது. ஷெட்டில் பார்த்தபோது மேலே துணி அட்டை போட்ட நல்ல புத்தகம் ஒன்று, உள்ளே தோய்ச்சல் நிற அட்டவணை கலரில். 220 டிகிரி பக்கம் வெளிர் வைக்கோல் நிறம், 280 பக்கம் ஊதா, 300 ஆனால் நீலம் என்று எஃகின்மேல் ஏறும் நிறத்தையே அச்சடித்திருந்தார்கள். அதற்காகத்தான் பெட்டியையே கேட்டேன். வந்தது அதே புத்தகத்தின் ஜெராக்ஸ், ஸ்பைரல் பைண்டிங்கோடு. வைக்கோலும் ஊதாவும் நீலமும் ஒரே சாம்பல் நிறத்தில் வரிசையாக நிற்கின்றன. கீழே இருந்தவை நனைந்து காய்ந்து, பக்கம் பிரிக்க முடியாமல் கட்டியாகிவிட்ட புத்தகங்கள். கொறடுகள் மட்டும் நல்ல கொறடு. அதைச் சொல்லாமல் விட்டால் நியாயம் இல்லை.

திரும்பவும் போன் போட்டபோது அவர் குரலே மாறிவிட்டது. ‘மலை ஏறின சாமான் இறங்காதுண்ணா, எங்க தொழில்ல அது ரூல்.’ அப்படி ஒரு ரூலை நான் எங்கேயும் கேள்விப்பட்டதில்லை. பில் விஷயத்திலும் ஆரம்பத்திலேயே ‘பில் போட்டா 18 சதவீதம் ஜி.எஸ்.டி. சேரும், உங்களுக்குத்தான் நஷ்டம்’ என்று இழுத்தார். நான் விடாமல் கேட்டதில் ஒரு துண்டுச்சீட்டில் ‘பட்டறைக்கல் 1, 82 கிலோ’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பணமும் ஜிபேயில்தான் போனது. அந்தச் சீட்டும், ஷெட்டில் நான் எடுத்த போட்டோவும், காய்கறித் தராசின் முன்னால் எடுத்த வீடியோவும்தான் இப்போது என் பலம்.

‘நீங்க தொழிலுக்கு வாங்கினீங்க, நுகர்வோர் கோர்ட்டெல்லாம் உங்களுக்கு வராது’ என்றும் மிரட்டிப் பார்த்தார். இதை நம்பிப் பலர் விட்டுவிடுகிறார்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வணிக நோக்கத்துக்கு வாங்குபவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்று இருப்பது உண்மைதான். ஆனால் சுயதொழில் செய்து தன் பிழைப்பை ஓட்டுவதற்காக மட்டும் வாங்கியிருந்தால் அது வணிக நோக்கம் ஆகாது என்று அதே சட்டத்தில் விளக்கமும் இருக்கிறது. தானே உலை ஊதி, தானே சம்மட்டி பிடிப்பவனுக்கு அது பொருந்தும். வியாபாரி எந்த ஊராக இருந்தாலும் நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், நமக்கு ஊட்டி. பொருளின் விலை 5 லட்சம் வரை கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915-க்குப் போன் பண்ணிப் பதிவு செய்தேன், அங்கேயிருந்து கேட்டதற்கு அவர் பதிலே சொல்லவில்லை. அதன்பிறகு ஊட்டியில் மனுக் கொடுத்தேன். தராசில் முத்திரை இருக்கிறதா என்பது தனி விஷயம், அதற்குத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் எழுதலாம். வருடா வருடம் முத்திரை போட்டிருக்க வேண்டும்.

இப்போதெல்லாம் கல்லோ, அச்சு டையோ, எது வாங்கினாலும் அடியில் சென்டர் பஞ்சால் என் புள்ளிகளை அடித்து, அதைப் போட்டோ எடுத்துவிட்டுத்தான் முன்பணம் கொடுக்கிறேன். பாக்கி, சாமான் வாசலில் இறங்கி எடை பார்த்த பிறகுதான். ஒத்துக்கொள்ளாத வியாபாரியிடம் டீ மட்டும் குடித்துவிட்டு வந்துவிடலாம். பட்டையிலும் சாக்பீஸ் வேண்டாம், பஞ்ச் அடியுங்கள், ஆயில் பூசினாலும் போகாது. கல்லைத் தனியாக எடை போடுங்கள், மொத்த லோடோடு சேர்த்து லாரி எடை மேடையில் ஏற்றினால் அது ஐந்து, பத்து கிலோ கணக்கில்தான் காட்டும், வித்தியாசம் அதற்குள் மறைந்துபோகும்.

அந்தப் போலிக் கல்லைக் கேட்டு ஓரிருவர் வந்தார்கள், ‘செடித்தொட்டிக்கு முட்டுக் கொடுக்கக் குடுங்க’ என்று. கொடுக்கவில்லை. விசாரணை முடியும்வரை பெயின்ட் பாதி உரிந்த நிலையிலேயே கிடக்கட்டும், அது சாட்சி. இதே ஆளிடம் வாங்கி, வந்தது வேறாக இருந்தவர்கள் துண்டுச்சீட்டையும் ஜிபே விவரத்தையும் அழித்துவிடாமல் வைத்திருங்கள், எனக்குத் தனியாக எழுதுங்கள். அடுத்த வாய்தாவுக்குச் சேர்த்தே மனுக் கொடுக்க முடியுமா என்று வக்கீலிடம் கேட்டிருக்கிறேன்.